பந்தைக் கேட்டு வாங்கும் பிள்ளை: விளையாட்டில் தன்னம்பிக்கை வளர வீட்டில் என்ன செய்யலாம்

வலைப்பந்து நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று, பந்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஏழு பேரில் ஒருத்தியோ இரண்டு பேரோ பந்து வருகிற பாதையில் நிற்க மாட்டார்கள். ஓடுவார்கள், கையையும் தூக்குவார்கள், வியர்த்துக் களைத்தும் போவார்கள், ஆனால் எதிரணிப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், யாரும் தங்களுக்குப் பந்து எறிய முடியாத இடமாகப் பார்த்துத்தான் ஓடுவார்கள். பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாது என்று ஒரு பிள்ளை முழு ஆட்டமும் ஓடுவதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று, அது தன் பிள்ளையாக இருந்தால்தான் தெரியும். என் மகள் தரம் 7 படிக்கும்போது அப்படித்தான் ஓடினாள்.

அதற்கு முந்திய ஆண்டு அவள் அப்படி இல்லை. மட்டக்களப்பு டவுனில் நடந்த ஒரு வலயமட்டப் போட்டியில் பந்து கைக்கு வந்ததும் யாருக்கு எறிவது என்று தெரியாமல் திகைத்து நின்றுவிட்டாள். வலைப்பந்தில் பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது, விசில் ஊதிவிடுவார்கள், பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அன்றைக்கு அவளுக்கு மூன்று முறை விசில் ஊதினார்கள். மூன்றாவது முறை, பயிற்சி கொடுத்தவர் "நிண்டு கனவு காணவா வந்த நீ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார், பக்கத்தில் நின்ற சில பெற்றோர் சிரித்தார்கள். நான் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் வைத்து அவளிடம் பேசினேன், பேசியதும் பிழையாகப் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நானும் பள்ளிக்காலத்தில் வலைப்பந்து விளையாடியவள்தான். இப்போது பின்னேரங்களில் நாவற்குடாவில் எங்கள் அயல் பிள்ளைகள் இருபது பேருக்குக் கிட்ட ஓட, எறிய, பிடிக்கப் பழக்குகிறேன். பெண் பிள்ளைகள்தான் கூட, ஐந்தாறு பையன்களும் வருவார்கள். மகளிடமும் இந்தப் பிள்ளைகளிடமும் கண்டதையும், அப்புறம் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டதையும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

சொல்லி வராது, செய்துதான் வரும்

"உன்னால முடியும் மகள், பயப்படாத." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டுவாள், மைதானத்துக்குள் போனதும் பழையபடி ஒளிந்துகொள்வாள். அவளுடைய பக்கத்தில் நின்று யோசித்தால் காரணம் விளங்கும். அம்மா முடியும் என்கிறா, ஆனால் மூன்று முறை விசில் ஊதியது அவளுக்குத் தெரியும். நான் சொன்னது வெறும் வார்த்தை, அவளிடம் இருந்தது நேரில் கண்ட சாட்சி.

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற எண்ணம் மனிதருக்கு நாலு வழியில் வருகிறது என்பது அவருடைய கருத்து: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, மற்றவர்கள் தரும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நாலிலும் பலம் கூடியது முதலாவது. நாங்கள் வீட்டில் அள்ளி அள்ளிக் கொடுப்பதோ மூன்றாவதை. இது விளங்கிய பிறகு நான் "முடியும்" என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு, அவள் கையாலேயே முடிகிற சின்ன வேலையாகத் தேடத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் இருந்துதான் தொடங்கினோம். முதல் நாள் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று சுவருக்கு எறிந்து, திரும்பி வருகிற பந்தைப் பிடிக்க வேண்டும், பத்து முறை. எத்தனை பிடித்தாள் என்று பழைய கொப்பி ஒன்றில் அவளே எழுதுவாள், நான் எழுதுவதில்லை. பத்தில் ஏழு, எட்டு பிடிக்கிற தூரம்தான் நல்ல தூரம். பத்தும் பிடித்தால் ஓரடி பின்னால், ஐந்துக்குக் கீழே போனால் ஓரடி முன்னால். முன்னால் வருவது தோல்வி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அதை அப்படித்தான் எடுப்பார்கள்.

பிடிக்க வந்த பிறகு அந்த மூன்று விநாடியைக் கையில் எடுத்தோம். அவளுக்குப் பயம் பந்தில் இல்லை, பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இருந்தது. அதனால் முற்றத்தில் மூன்று இடத்தில் மூன்று பேரை நிறுத்தினோம்: அவளுடைய தம்பி, அம்மம்மா, நான். அம்மம்மா கதிரையில் இருந்துகொண்டுதான் கையை நீட்டினா. பந்து வருகிற நேரத்தில் எங்களில் ஒருவர் கையைத் தூக்குவோம், அவள் பந்தைப் பிடிக்க முன்னமே யார் கையைத் தூக்கியது என்று பார்த்துவிட வேண்டும், பிடித்ததும் "ஒண்டு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணி, ரெண்டுக்குள் எறிந்துவிட வேண்டும். முதல் நாள் எண்ணவும் மறந்து எறியவும் மறந்து நின்றாள். ஒரு கிழமைக்குள் ரெண்டு வருவதற்கு முன்னாலேயே பந்து போய்விட்டது. மூன்று விநாடி என்பது இவ்வளவு நீளமா என்று அவளே ஆச்சரியப்பட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் கண்ட மாற்றம் நான் சொன்ன நூறு "முடியும்"களில் ஒன்றிலும் வரவில்லை.

பிறகு ஒரு தோழியை வைத்து மறித்து விளையாடினோம், அதற்குப் பிறகு மூன்று பேருக்கு மூன்று பேர், கடைசியில்தான் முழு ஆட்டம். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வைத்துவிடாதீர்கள். பயந்த பிள்ளையை நேரே போட்டிக்குள் தள்ளினால் பயம் தெளிந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஒன்றிரண்டு பிள்ளைக்கு அது சரிவரலாம், மற்றப் பிள்ளைகள் அத்தோடு விளையாட்டையே விட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

எந்த விளையாட்டானாலும் படி ஒன்றுதான், ஏறுகிற இடம்தான் வேறு. கபடியில் எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு போகப் பயப்படுகிற பையனுக்கு முதல் கிழமை யாரையும் தொடத் தேவையில்லை, போய்க் கோட்டைத் தாண்டிவிட்டு மூச்சு விடாமல் திரும்பி வந்தால் காணும். கடினப்பந்துக்குப் பயப்படுகிறவனுக்கு மென்பந்தில் தொடங்கி, பிறகு கடினப்பந்தைக் கைக்குக் கீழால் மெதுவாக எறிந்து பழக்கலாம். நீச்சல் மட்டும் எங்கள் ஊரில் வேறு கதை. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், இருந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நிறைய. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட அப்பா அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே நெஞ்சு பதறும், அந்தப் பதற்றம் சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்களுக்குள் அந்தப் பயம் இருந்தால் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள், "அம்மாக்குத்தான் பயம், நீ பழகு" என்று சொல்லி, பயிற்றப்பட்ட ஒருவரிடம், ஆழம் குறைந்த நீச்சல் தடாகத்தில் விடுங்கள். வாவியிலோ கடலிலோ பெரியவர் துணையில்லாமல் இறங்க விடவே வேண்டாம்.

பார்த்துப் பழக ஒருவர்

2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் தர்ஜினி சிவலிங்கம் விளையாடியதை எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், வீடியோ போட்டால் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். அது நல்லது, ஒரு தமிழ்ப் பெண் அந்த இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும்தான். ஆனால் ஆறடியைத் தாண்டிய உயரத்தில் நின்று பந்து போடுபவரைப் பார்த்து நாலரை அடிப் பிள்ளை "நானும் செய்வேன்" என்று நினைப்பது லேசில்லை. அதைவிடப் பலன் தருவது பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற, இரண்டு வயது மூத்த, போன வருடம் வரை பந்தைத் தவறவிட்டுக்கொண்டு இருந்த ஒரு அக்கா. அப்படி ஒருத்தியைக் கூப்பிட்டு, தான் எப்படித் தவறவிட்டாள், எப்படிப் பழகினாள் என்று சொல்லவையுங்கள். எங்கள் மைதானத்தில் நான் கிழமைக்கு ஒரு நாள் மூத்த பிள்ளைகளைச் சின்னவர்களோடு சோடி சேர்த்து விடுகிறேன். சின்னவர்களுக்கு ஒரு மடங்கு பலன் என்றால் சொல்லிக் கொடுக்கிற மூத்தவளுக்கு இரண்டு மடங்கு.

திரும்பி வருகிற வழி

இப்போது அந்த ஸ்கூட்டிக் கதை. விசில் ஊதிய அன்றைக்குக் கல்லடிப் பாலம் ஏறும்போது நான் கேட்டேன், "உனக்கு வலப்பக்கம் அவள் சும்மா நிண்டவள்தானே, ஏன் குடுக்கல்ல?" கோபமாகக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டேன், விளையாட்டுத் தெரிந்த அம்மா என்ற நினைப்பில் இன்னும் மூன்று நாலு விசயம் விளக்கினேன். பின்னால் இருந்து ஒரு சத்தமும் இல்லை. என் இடுப்பைப் பிடித்திருந்த கை இரண்டும் மெல்ல எடுபட்டது, ஸ்கூட்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

தோற்ற பிள்ளைக்குத் தான் எங்கே பிழைவிட்டேன் என்று நன்றாகத் தெரியும். அந்த அரை மணித்தியாலத்துக்குள் அதைத் திரும்பச் சொல்வதால் எதுவும் மண்டைக்குள் போகாது, அம்மாவும் அந்தப் பக்கம்தான் நிற்கிறா என்பது மட்டும் போகும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மைதானத்தில் இருந்து வீடு வரைக்கும் ஆட்டத்தைப் பற்றி நாங்கள் தொடங்குவதில்லை, அவள் தொடங்கினால் கேட்போம். "பசிக்குதா?" என்று கேட்கலாம், வழியில் நின்று இளநீர் குடிக்கலாம். குளித்துச் சாப்பிட்டு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பயிற்சிக்குப் போகும்போது, "போன ஆட்டத்தில என்னத்தத் திருத்தினா நல்லம் எண்டு நினைக்கிறாய்?" என்று ஒரு கேள்வி. ஒன்று மட்டும்.

இந்தப் பழக்கம் வந்து மூன்று கிழமை அவள் ஒன்றும் பேசவில்லை. நாலாவது கிழமை, பாலத்தில் வைத்துத்தான், தானாகச் சொன்னாள்: "எனக்குப் பந்து பிடிக்க விருப்பம்தான் அம்மா, பிடிச்சா எல்லாரும் என்னத்தானே பாக்கிற." பயம் எங்கே இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் கேட்டிருந்தால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்னொன்று, ஆறுதல் சொல்கிறோம் என்று நடுவரில் பழி போடாதீர்கள். "நீ நல்லாத்தான் விளையாடினாய், அவன் விசில் ஊதினதுதான் பிழை" என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தன் கையில் எதுவும் இல்லை, நான் என்ன செய்தாலும் வெளியில் ஒருவர்தான் முடிவு செய்வார் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்குள் ஊறிவிடும். தோல்வியைத் தோல்வி என்றே சொல்லலாம். சொல்லிவிட்டுச் சோறு போடலாம்.

புகழ்வதும் கண்ணூறும்

1998இல் கிளோடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த முறை லேசான கணக்கைத் தேடினார்கள், கடினமானது வந்ததும் சோர்ந்துபோனார்கள். "நல்லா முயற்சி செய்தாய்" என்று கேட்ட பிள்ளைகள் கடினமானதையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அது கணக்கு, இது விளையாட்டு, ஆனால் மைதானத்தில் நான் காண்பதும் இதைத்தான். "என்ட பிள்ளை புலி" என்று வளர்த்த பையன் ஒரு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததும் அடுத்த போட்டிக்குக் காலில் நோ என்று வராமல் நின்றுவிடுகிறான். புலி மூன்றாவதாக வந்தால் அது என்ன புலி என்ற யோசனை அவனுக்கு.

புகழும்போது கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "நல்லா விளையாடினாய்" என்பதைவிட "ரெண்டாவது பாதியில களைச்ச பிறகும் நீ திரும்பி ஓடி வந்து மறிச்சாய், கண்டேன்" என்பது பிள்ளைக்குள் இறங்கும். கண்டது ஒன்றும் இல்லையென்றால் சும்மா இருங்கள். பொய்ப் புகழைப் பிள்ளைகள் எங்களைவிடக் கெதியாகப் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிடும் என்று, யாராவது "உங்கட மகள் நல்லா விளையாடுறாளாம்" என்று சொன்னால் உடனே "சீ, அவளா, ஒண்டுக்கும் உதவாது, சும்மா ஓடித் திரியுறாள்" என்று சொல்லிவிடுவோம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது எதற்கு என்று தெரியும். கதவுக்குப் பின்னால் நிற்கிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் கண்ணூறு பயம் உண்டு, செத்தல் மிளகாய் சுற்றிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் அந்தப் பயத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. "ஓம், பழகிக்கொண்டிருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு வேண்டுமானால் சுற்றிப் போடுங்கள்.

பெரியப்பாவின் மகனோடு ஒப்பிடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அந்தக் கொப்பியை எடுத்து, போன மாதத்து இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் சிறுவர் பேஸ்போல் அணிகளை வைத்து ஸ்மித், ஸ்மோல் என்ற இரண்டு பேரும் அவர்களுடைய குழுவும் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஒரு பகுதிப் பயிற்றுவிப்பாளர்களுக்குப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்று சில மணிநேரப் பயிற்சி கொடுத்தார்கள்: நல்லதைச் செய்தால் உடனே சொல்லுங்கள், பிழைவிட்டால் ஏசாமல் ஊக்கம் கொடுத்து எப்படித் திருத்துவது என்று காட்டுங்கள். 1992இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள்: பயிற்சி பெறாதவர்களிடம் விளையாடிய பிள்ளைகளில் 26 வீதம் பேர் அடுத்த பருவத்துக்கு வரவில்லை, பயிற்சி பெற்றவர்களிடம் விளையாடியவர்களில் வராதவர்கள் 5 வீதம்தான். இரண்டு பக்கமும் வெற்றி தோல்வியில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வென்றால்தான் பிள்ளை நிற்கும், ஏசினால்தான் வெல்லும் என்ற இரண்டு நம்பிக்கையும் இதில் அடிபட்டுப் போகிறது.

இதை வீட்டிலும் செய்யலாம். பந்து தவறியதும் "ஏன் விட்டாய்?" என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. "விரலை விரி", "முழங்காலை மடக்கு", "முன்னுக்கு வா" என்றால் அடுத்த பந்துக்கு அவள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அதுவும் பயிற்சி நேரத்தில் மட்டும். போட்டி நடக்கும்போது வெளியே நின்று கத்த வேண்டாம், உள்ளே நிற்கிற பிள்ளைக்கு ஒரே நேரத்தில் சேருடைய குரல், அப்பாவின் குரல், மாமாவின் குரல் மூன்றும் கேட்டால் எந்தக் குரலுக்கு ஓடுவது? கைதட்டுங்கள், மற்ற அணிப் பிள்ளை நல்லாகச் செய்தாலும் கைதட்டுங்கள்.

பயிற்சி கொடுக்கிற சேரோ டீச்சரோ கடுமையாக ஏசுகிறவராக இருந்தால் பிள்ளைக்கு முன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், பேசாமலும் விடாதீர்கள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. இரண்டு நாள் கழித்து, பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, "சேர், பிள்ளை பந்துக்குப் பயப்பிடுறாள், நீங்க தனியக் கூப்பிட்டு என்ன செய்யிற எண்டு ஒருக்காச் சொல்லிக் குடுத்தா நல்லம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள், அவர்களும் நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார்கள். அடிப்பது, தொடுகிற விதம் சரியில்லை என்று பிள்ளை சொல்வது, தனியாக வரச் சொல்வது, இவை வேறு விசயம். அங்கே பொறுமை தேவையில்லை, அதிபரிடம் போங்கள், 1929க்கு எடுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

உடம்பையும் பார்க்க வேண்டும்

பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கும்போது ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே வருடம் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது நாலு விரல் உயரமாகவும் இருக்கலாம். கனடாவின் ஐஸ் ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூட என்று 1980களில் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டில் அதே கதை. ஆகவே கடைசி மாதங்களில் பிறந்த உங்கள் பிள்ளை அணியில் எடுபடவில்லை என்றால் "உனக்குத் திறமை காணாது" என்று முடிவு கட்டாதீர்கள். பிறந்த மாதத்தை அவளுக்கே விளக்குங்கள், பிள்ளைகளுக்கு இது நன்றாக விளங்கும்.

சட்டென்று உயருகிற காலமும் அப்படித்தான், பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதில், பையன்களுக்கு இரண்டு வருடம் பிந்தி. கைகால் நீண்டுவிடும், நேற்று வரை வந்த எறிதல் இன்றைக்கு வராது, கால் தடக்கும், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே நோவும். பிள்ளை தனக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்று நினைக்கும். சில மாதத்தில் சரிவரும் என்று சொல்லி, தூரத்தைக் குறைத்து, பழைய படிக்குக் கூட்டிப்போங்கள். நோ விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரிய பிள்ளையான பிறகு மைதானத்துக்கு வராமல் போகிற பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நோகும். சடங்கு முடிந்து பாடசாலைக்குத் திரும்பி வருவாள், விளையாட்டுக்கு மட்டும் வர மாட்டாள். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்காது, "இனி என்னத்துக்கு ஓடித் திரியுற" என்று ஒரு மாமி சொன்ன ஒரு வார்த்தை காணும். அதைவிடவும் கூடுதலாகப் பிள்ளைகளைத் தடுப்பது சின்னச் சின்ன விசயங்கள்: உடுப்பில் கறை பட்டுவிடுமோ, மைதானத்தில் மாற்ற இடம் இருக்கிறதா, ஓடும்போது நெஞ்சைப் பார்க்கிறார்களோ. இவற்றை ஒரு அம்மாதான் தீர்த்து வைக்க முடியும். கறுப்பு நிற நீளக் காற்சட்டை, விளையாட்டுக்கென்று இறுக்கமான உள்ளாடை, பையில் எப்போதும் இரண்டு மாதவிடாய்ப் பேட், ஒரு மாற்றுடுப்பு. நாள் சுகமில்லை என்றால் வராமல் நிற்காமல், வந்து புள்ளி எழுதலாம், பந்து எடுத்துக் கொடுக்கலாம், விருப்பமென்றால் விளையாடவும் செய்யலாம், உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கத்துப் பிள்ளைகள் தலையை மூடிக்கொண்டு விளையாட விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது, சர்வதேச உதைபந்தில் 2014இலும் கூடைப்பந்தில் 2017இலும் தலையை மூடி விளையாட அனுமதித்துவிட்டார்கள். பாடசாலை மட்டத்தில் முதலே டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் போட்டியன்று கடைசி நேரத்தில் பிள்ளை அந்தரிக்கத் தேவையில்லை.

போட்டிக்கு முதல் நாள்

கிராமத்து மைதானத்தில் நன்றாக ஓடுகிற பிள்ளை வெபர் மைதானத்துக்கு வந்ததும் கால் கட்டுப்பட்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். 1947இல் அமெரிக்காவில் இருந்து மட்டக்களப்புக்கு வந்து, மிக்கேல் கல்லூரிப் பையன்களை விளையாட்டில் வளர்த்தெடுத்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் அந்த மைதானத்துக்கு. வயது போனவர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றி ஆசையாகப் பேசுவார்கள், போகிற வழியில் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள், மைதானம் கொஞ்சம் சொந்தமாகும். முடிந்தால் முதல் நாள் பின்னேரமே ஒருக்காக் கூட்டிப்போய் உள்ளே நடக்க விடுங்கள். எங்கே நிற்பது, எங்கே தண்ணீர், மலசலகூடம் எந்தப் பக்கம், ஒலிபெருக்கிச் சத்தம் எங்கே இருந்து வரும். படுவான்கரையில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ வருகிறவர்களுக்கு முதல் நாள் வருவது கஷ்டம், அப்படியானால் போட்டியன்று ஒரு மணித்தியாலம் முந்தி வந்தால் காணும்.

நெஞ்சு இடிப்பது, வயிறு பிசைவது, அடிக்கடி மூத்திரம் வருவது எல்லாம் உடம்பு ஓட ஆயத்தமாவதன் அறிகுறி என்று முதலே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை அதைப் "பயந்துட்டன்" என்று எடுத்துக்கொள்ளும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடப் பழக்குங்கள், ஐந்து முறை. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீர் காணாத உடம்பும் களைத்துப் படபடக்கும், அதையும் பிள்ளை பயம் என்றே நினைக்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல், போட்டிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் வயிற்றுக்கு லேசாக எதையாவது கொடுத்து, தாகம் எடுக்க முன்னமே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

புலமைப்பரிசில் வருகிறது, ஓ எல் வருகிறது என்று விளையாட்டை நிறுத்துகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ரியூசனுக்கு இடையில் நேரம் இல்லைதான், கிழமைக்கு மூன்று நாளை இரண்டாக்கலாம். "மார்க்ஸ் குறைஞ்சா கிறவுண்டுக்குப் போகேலா" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை தனக்கு ஏதோ முடியும் என்று உணர்கிற ஒரே இடம் அந்தக் கிறவுண்டாகவும் இருக்கலாம்.

என் மகள் இப்போது தரம் 8. போன தவணை ஒரு போட்டியில் இரண்டாவது கால் பகுதியில், எதிரணிப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து, கையைத் தூக்கி "இங்க, இங்க!" என்று கத்தினாள். பந்து வந்தது, பிடித்தாள், எறிந்தது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பின்னுக்கு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் கையைத் தூக்கினாள். அன்றைக்கு அவர்களுடைய அணி தோற்றது. பாலம் ஏறும் வரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, நான் கத்திக் கேட்டதக் கண்டீங்களா?"

"கண்டேன் மகள்."

நொச்சிமுனை வரைக்கும் என் இடுப்பைப் பிடித்தபடி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.